குழந்தைக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை? அறிகுறியைப் பிடித்துக்கொண்டு தேடும் வழி

குழந்தைக்கு ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்ற சந்தேகம் வந்ததும் பெரும்பாலான வீடுகளில் முதலில் பாலை நிறுத்துவார்கள். தடிப்பு போகாவிட்டால் முட்டை. அதற்கும் போகாவிட்டால் கோதுமை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் தடிப்பு இருந்த இடத்திலேயே இருக்கும், குழந்தையின் எடை மட்டும் குறைந்திருக்கும்.

எந்த உணவு என்று கேட்பதற்கு முன்னால் எப்போது என்று கேட்க வேண்டும். சாப்பிட்டதற்கும் அறிகுறி வந்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் போனது என்பதை வைத்தே, இது அலர்ஜியா, செரிமானச் சிக்கலா, சாப்பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத வைரஸ் தொற்றா என்று பெரும்பாலும் பிரித்துவிடலாம். ஆகவே கீழே எல்லாவற்றையும் அறிகுறி வாரியாக, நேரத்தோடு சேர்த்து எழுதியிருக்கிறேன். உங்கள் குழந்தைக்குப் பொருந்தும் பகுதிக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## மூச்சு, குரல், சோர்வு: இங்கே தேடல் கிடையாது

சாப்பிட்டுச் சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்துக்குள்ளோ கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்: குரல் கரகரப்பாக மாறுவது, நாக்கு வீங்குவது, எச்சிலை விழுங்க முடியாமல் ஒழுகவிடுவது, விடாத இருமல், மூச்சிரைப்பு, திடீரென்று வெளிறித் துவண்டு போவது. உடம்பில் தடிப்போடு திரும்பத் திரும்ப வாந்தியும் எடுத்தால் அதையும் இதே கணக்கில்தான் வைக்க வேண்டும். இதற்கு அனாஃபிலாக்சிஸ் என்று பெயர். தோலில் ஒரு புள்ளிகூடத் தெரியாமலும் இது வரலாம் என்பதால், தடிப்பு இல்லையே என்று காத்திருக்க வேண்டாம்.

இதற்கான மருந்து அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்கம், நடுப்பகுதியில் தசைக்குள் போட வேண்டும். அவசரத்தில் துணியின் மேலேயே போடலாம். ஏற்கெனவே மருத்துவர் எழுதிக் கொடுத்து வீட்டில் இருந்தால் முதலில் ஊசி, அப்புறம் போன். ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் தேறவில்லை என்றால் இரண்டாவது ஊசி போடலாம். அரிப்புக்குக் கொடுக்கும் ஆன்டிஹிஸ்டமின் சிரப் தடிப்பைக் குறைக்கும், மூச்சைக் காப்பாற்றாது. சிரப் கொடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்று உட்காருவதில்தான் பொன்னான நேரம் போய்விடுகிறது.

குழந்தையைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுவிடத் திணறினால் காலை நீட்டி உட்கார வைக்கலாம். கொஞ்சம் தேறியதும் நடக்கவிடாதீர்கள். கைக்குழந்தையை அழுகிறதே என்று தோளில் போட்டுத் தட்டத்தான் கை போகும். அது வேண்டாம், மடியில் மட்டமாகப் படுக்க வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். நிமிர்த்தினால் ரத்த அழுத்தம் சட்டென்று சரியும். எல்லாம் அடங்கிவிட்டது போலத் தெரிந்தாலும் மருத்துவமனையில் சில மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள், ஏனென்றால் அடங்கியது மறுபடி கிளம்புவதுண்டு.

## ஒரு நோட்டு, மூன்று கேள்வி

மற்ற எல்லா அறிகுறிக்கும் ஆரம்பம் ஒன்றுதான். எவ்வளவு நேரம் கழித்து வந்தது? எவ்வளவு சாப்பிட்டால் வருகிறது? ஒவ்வொரு முறையும் வருகிறதா?

உடனடி அலர்ஜி என்பது ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தின் வேலை. அது தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்களைத் தூண்டி, அவை அரிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ஹிஸ்டமினைக் கொட்டும். எனவே சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் அறிகுறி வந்துவிடும். துளி போதும். ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் வரும். தாமத அலர்ஜியில் ஐஜிஇக்குப் பங்கில்லை. சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாள்வரை ஆகலாம், பெரும்பாலும் குடலில் தெரியும். சகிப்பின்மை என்பது வேறு கதை. அதில் நோய் எதிர்ப்பு மண்டலம் தலையிடுவதே இல்லை. அளவுதான் எல்லாம்: கால் டம்ளர் சரி, ஒரு டம்ளர் தாங்காது.

நோட்டில் எழுதுவது இப்படி இருந்தால் மருத்துவருக்கு உபயோகமாக இருக்கும்:

செவ்வாய். காலை 8.10: ரொட்டி இரண்டு துண்டு, அரைவேக்காட்டு முட்டை ஒன்று, பால் அரை டம்ளர். 8.30: வாயைச் சுற்றிச் சிவப்பு, காதைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். 8.40: கழுத்திலும் வயிற்றிலும் தடிப்பு. மூச்சு சரி, வாந்தி இல்லை. 10.00: எல்லாம் போய்விட்டது. நேற்றிலிருந்து லேசான சளி. மருந்து எதுவும் கொடுக்கவில்லை. போன வாரம் முட்டை போட்ட கேக் சாப்பிட்டாள், ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் கடைசி வரியைத்தான் பலர் எழுதமாட்டார்கள். ஆனால் அதில்தான் விஷயம் இருக்கிறது. முட்டைப் புரதமும் பால் புரதமும் மாவோடு சேர்ந்து அடுப்பில் நன்றாக வெந்தால் வடிவம் மாறிவிடும். முட்டை அலர்ஜியுள்ள பல குழந்தைகள் கேக்கைத் தாங்கிக்கொள்வார்கள், அரைவேக்காட்டைத் தாங்கமாட்டார்கள். கேக்கில் ஒன்றும் ஆகவில்லை என்பதால் முட்டையைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட முடியாது. சளி, காய்ச்சல், வலி மருந்து, சாப்பிட்ட கையோடு ஓடியாடியது எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். இவை உடம்பின் தாங்கும் அளவைக் குறைத்துவிடும். சிலருக்குக் கோதுமை சாப்பிட்டுவிட்டு ஓடினால்தான் எதிர்வினை வரும். கோதுமை மட்டும் என்றால் வராது, ஓட்டம் மட்டும் என்றாலும் வராது.

## வாயைச் சுற்றி மட்டும் சிவந்துபோகிறது

தக்காளி, ஆரஞ்சு வகைகள், ஸ்ட்ராபெர்ரி. பட்ட இடத்தில் மட்டும் சிவந்து ஒரு மணி நேரத்தில் போய்விட்டால் அது அநேகமாக அமிலமும் எச்சிலும் சேர்ந்து தோலை எரிச்சல்படுத்தியதுதான். அடுத்த முறை சாப்பிடுவதற்கு முன் வாயைச் சுற்றி வாசலின் தடவிப் பாருங்கள். சிவப்பு வரவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது. சிவப்பு தட்டையாக இல்லாமல் கொசுக்கடி போல எழும்பியிருந்தாலோ, உணவு படாத இடத்தில் வந்தாலோ, இந்த வாசலின் சோதனையெல்லாம் வேண்டாம். அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் பச்சையாக ஆப்பிளோ பீச்சோ தின்றால் நாக்கும் அண்ணமும் அரிக்கிறது, வேகவைத்தால் ஒன்றும் செய்வதில்லை என்பார்கள். மகரந்த அலர்ஜி உள்ளவர்களுக்கு வருவது இது. பழத்தில் உள்ள புரதமும் மகரந்தப் புரதமும் ஒரே சாயலில் இருப்பதால் உடம்பு குழம்பிப்போகிறது. பழம் என்றால் பெரும்பாலும் பயமில்லை. நிலக்கடலை, முந்திரி, பாதாம் போன்றவற்றுக்கு வாய் அரித்தால் அதை இந்தக் கணக்கில் சேர்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

## உடம்பெல்லாம் காணாக்கடி

இந்தப் பகுதியில்தான் அதிகம் பேர் வழி தவறுகிறார்கள். காணாக்கடி என்பது அரிப்போடு எழும்பும் தடிப்பு (அர்ட்டிகேரியா). சிறு குழந்தைகளுக்குத் திடீரென்று அது வருவதற்கு முதல் காரணம் சாப்பாடு இல்லை, வைரஸ் தொற்று. சளிக் காய்ச்சல் வந்து போகிற சமயத்தில் தடிப்பு கிளம்பும், அன்றைக்குச் சாப்பிட்ட ஏதோ ஒன்றின் மேல் பழி விழும்.

பிரித்துப் பார்க்க ஒரு பால்பாயின்ட் பேனா போதும். ஒரு தடிப்பைச் சுற்றி வட்டம் போட்டு, நேரத்தை எழுதி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் வட்டத்துக்குள் வெறும் தோல் இருக்கும், தடிப்பு வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கும். காணாக்கடிக்கு அதுதான் அடையாளம். ஒரே தடிப்பு ஒரே இடத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் நிற்பது அரிது. இனி கேள்வி, இந்த ஆட்டம் மொத்தம் எத்தனை நாள் நடக்கிறது என்பது. உணவால் வந்தது ஒரு நாளுக்குள் மொத்தமாக ஓய்ந்துவிடும், அதே உணவைக் கொடுக்காதவரை திரும்பாது. நாலைந்து நாளாக வந்து வந்து போகிறது, காலையில் எழும்போதே இருக்கிறது என்றால் சாப்பாட்டை விட்டுவிடுங்கள். ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் காணாக்கடிக்கும் உணவு காரணமாக இருப்பது மிக அபூர்வம்.

ஆன்டிபயாட்டிக் அல்லது வலி மருந்து கொடுத்த நாளா என்றும் பாருங்கள். மீன் சாப்பிட்டபின் முகம் சிவந்து தடித்தது என்றால், கூடச் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் அப்படி ஆனதா என்று விசாரியுங்கள். சரியாகக் குளிரவைக்காத சில வகை மீன்களில் பாக்டீரியாவே ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். அது அலர்ஜி போலவே தெரியும் விஷம். அதற்காக வாழ்நாள் முழுக்க மீனை விலக்க வேண்டியதில்லை.

ஒரு கண்ணாடி டம்ளரைத் தோலில் அழுத்திப் பார்த்தும் சிவப்பு மறையவில்லை என்றால் அது காணாக்கடியே இல்லை, தோலுக்கடியில் ரத்தக் கசிவு. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அப்போதே மருத்துவமனை.

## சாப்பிட்டபின் வாந்தி

கைக்குழந்தை பாலைக் கக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டு விளையாடினால், எடையும் ஏறிக்கொண்டிருந்தால், விட்டுவிடுங்கள். பச்சை நிறத்தில் வாந்தி வந்தால் சாப்பாட்டு ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், குடல் அடைப்பாக இருக்கலாம், ஓடுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. பல பெற்றோர் கேள்விப்பட்டே இருக்கமாட்டார்கள். புதிதாக ஒரு உணவைக் கொடுக்கிறீர்கள். குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் எதுவுமில்லை. அப்புறம் வாந்தி, மறுபடி வாந்தி, குடல் காலியானபிறகும் வாந்தி. முகம் வெளிறி, கை கால் துவண்டு, கூப்பிட்டால் சரியாகக் கண் திறக்காது. தடிப்பு கிடையாது, மூச்சிரைப்பு கிடையாது. எஃப்பைஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தாமதக் குடல் அலர்ஜி இது. சாப்பிட்ட ஒன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் வரும். மாட்டுப்பால், சோயாவோடு, அரிசியும் ஓட்ஸும்கூட இதைத் தூண்டும். அரிசி எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை இருப்பதால் அதன்மேல் யாருக்கும் சந்தேகமே வராது.

முதல் முறை இதை வயிற்றுத் தொற்று என்றுதான் நினைப்பார்கள், மருத்துவர் உட்பட. இரண்டாவது முறை அதே உணவு, அதே இடைவெளி என்று நோட்டில் இருந்தால்தான் பிடிபடும். ஐஜிஇ சம்பந்தமில்லாததால் தோல் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் சாதாரணமாகவே இருக்கும். பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று மறுபடி கொடுத்தால் மறுபடி அதே கதை. அந்த நேரத்துக்குத் தேவை இழந்த நீரை ஈடுகட்டுவது. பலருக்கு நரம்பு வழியாக ஏற்ற வேண்டியிருக்கும். வீட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாத வகை இது.

## மலத்தில் ரத்தக் கோடு

பிறந்து சில வாரமோ மாதமோ ஆன குழந்தை. நன்றாகக் குடிக்கிறது, தூங்குகிறது, வளர்கிறது. ஆனால் டயப்பரில் சளியோடு நூல் நூலாக ரத்தம். பார்க்கும்போது அடிவயிறு கலங்கும், ஆனால் இந்தப் பட்டியலில் இதுதான் ஓரளவு சாதுவானது. தாய்ப்பால் வழியாகவோ நேரடியாகவோ போன மாட்டுப்பால் புரதத்தால் பெருங்குடலின் கடைசிப் பகுதி புண்ணாகியிருக்கலாம். முதலில் ஆசனவாயில் வெடிப்பு இருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். மலம் கெட்டியாகப் போகும் குழந்தைகளுக்கு அதுதான் காரணமாக இருக்கும்.

தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. அம்மா இரண்டு முதல் நான்கு வாரம் பால் பொருள்களை விட்டுப் பார்க்கலாம், அந்தச் சமயத்தில் அவருக்குக் கால்சியத்துக்கு வேறு வழி செய்துகொள்ள வேண்டும். ரத்தம் நின்றால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு மறுபடி பால் பொருளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தானாகவே நின்றிருக்கவும் வாய்ப்புண்டு என்பதால் இந்தப் படியைத் தாண்டக் கூடாது. பெரும்பாலான குழந்தைகள் ஒரு வயதையொட்டிப் பாலைத் தாங்க ஆரம்பித்துவிடுவார்கள்.

விட்டுவிட்டுக் காலை மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுது, நடுவில் சோர்ந்து, ஜெல்லி போல ரத்தம் போனால் அது குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டதாக இருக்கலாம். அது அவசரம்.

## பால் குடித்தால் வயிறு உப்புகிறது, தண்ணீராகப் போகிறது

பால் அலர்ஜியையும் பால் சர்க்கரை செரிக்காததையும் ஒன்றாக நினைப்பதால் வரும் குழப்பத்துக்கு அளவில்லை. அலர்ஜி பாலின் புரதத்துக்கு எதிரானது. சகிப்பின்மையில் பிரச்சினை லாக்டோஸ் என்ற சர்க்கரை. அதை உடைக்கும் லாக்டேஸ் நொதி சிறுகுடலில் போதாதபோது, உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாவால் புளித்து வாயுவாகும், கூடவே நீரை இழுக்கும். வயிறு உப்பும், கடமுடா சத்தம் வரும், மலம் புளித்த வாடையோடு தண்ணீராகப் போகும், குழந்தையின் அடிப்பக்கம் சிவந்து புண்ணாகும். காணாக்கடி வராது, ரத்தம் வராது, உயிருக்கு ஆபத்தும் இல்லை.

வயதைக் கேட்டால் இங்கே பாதி விடை வந்துவிடும். வளர வளர லாக்டேஸ் குறைந்துபோகும் வழக்கமான வகை ஐந்து வயதுக்கு முன்னால் வெளிப்படுவது அபூர்வம். பிறவியிலேயே இல்லாமல் போவது அபூர்வத்திலும் அபூர்வம். எனவே ஒரு வயதுக் குழந்தைக்குத் திடீரென்று இந்த அறிகுறி வந்தால், சமீபத்தில் வயிற்றுப்போக்கு வந்ததா என்று பாருங்கள். குடல் சுவரின் மேல்படலம் தேய்ந்துபோனால் லாக்டேஸும் கூடவே போகும். சில வாரத்தில் படலம் வளர்ந்ததும் அதுவும் திரும்பிவிடும். தாய்ப்பாலைத் தொடரலாம். மற்றப் பாலைக் கொஞ்ச நாள் மட்டும் குறைத்தாலே போதும், பல குழந்தைகளுக்கு அதுவும் தேவைப்படாது. பெரிய பிள்ளைகளுக்குத் தயிரும் கெட்டிச் சீஸும் ஒத்துக்கொள்ளும், பால் மட்டும் ஒத்துக்கொள்ளாது என்றால் லாக்டோஸ்தான் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். உறுதியாகத் தெரிய மூச்சில் ஹைட்ரஜன் அளக்கும் பரிசோதனை இருக்கிறது.

இந்தக் குழப்பத்தில் ஆபத்தான இடம் ஒன்று உண்டு. லாக்டோஸ் நீக்கிய பாலில் புரதம் முழுசாக இருக்கிறது. பால் அலர்ஜி உள்ள குழந்தைக்கு அதைக் கொடுக்கவே கூடாது. ஆட்டுப்பாலும் மாற்று ஆகாது. இரண்டின் புரதமும் அத்தனை ஒத்திருப்பதால் மாட்டுப்பால் அலர்ஜி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் சேராது. பாதாம் பானம், அரிசிப் பானம் போன்றவை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலின் இடத்தை நிரப்பவே நிரப்பாது, சத்துக் குறைவு வந்துவிடும்.

ஒன்று முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தை ஓடியாடி நன்றாக வளர்ந்துகொண்டே ஒரு நாளைக்கு நாலைந்து முறை தண்ணீராகப் போனால் பாலைத் தொடுவதற்கு முன் ஜூஸை நிறுத்துங்கள். ஆப்பிள், பேரிக்காய்ச் சாறில் ஃப்ரக்டோஸும் சார்பிட்டாலும் அதிகம். குடல் அதை முழுவதும் உறிஞ்சாது.

## வயிறு மட்டும் முன்னால் வந்து, கை கால் மெலிகிறது

எடை வளர்ச்சிக் கோடு கீழே சரிகிறது, ரத்தசோகை மருந்து கொடுத்தும் தேறவில்லை, வயிறு உப்பலாக இருக்கிறது, எப்போதும் எரிச்சல். கோதுமை உணவு ஆரம்பித்துச் சில மாதம் கழித்து இது தொடங்கியிருந்தால் சீலியாக் நோயை நினைக்க வேண்டும். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள க்ளூட்டன் உள்ளே போகும்போது உடம்பு தன் சிறுகுடலையே தாக்கும் நோய் இது, அலர்ஜி இல்லை. வில்லெம் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் கோதுமையை முன்பே சந்தேகித்திருந்தார். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறியதும், ரொட்டி திரும்பியதும் மறுபடி விழுந்ததும் அவர் சந்தேகத்தை உறுதிப்படுத்தின.

இங்கே நான் எல்லோரையும் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள். டிடிஜி ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை, க்ளூட்டன் உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் உண்மையைச் சொல்லும். நிறுத்திவிட்டால் எண் இறங்கிவிடும், நோய் இல்லை என்று வரும். அப்புறம் மறுபடி குறைந்தது ஆறு வாரம் தினமும் கோதுமை கொடுத்துவிட்டு வரச் சொல்வார்கள். தேறிய குழந்தையை மறுபடி நோயில் தள்ள எந்தப் பெற்றோருக்கு மனம் வரும்? ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதத்தின் மொத்த அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு முதல் பரிசோதனை தப்பாக நார்மல் என்று வரும். வீட்டில் யாருக்காவது சீலியாக் அல்லது முதல் வகைச் சர்க்கரை நோய் இருந்தால் அதைச் சொல்ல மறக்காதீர்கள்.

## கரப்பான் போகவே மாட்டேன் என்கிறது

முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, கன்னம். இந்த இடங்களில் தோல் வறண்டு சிவந்து அரிக்கும் கரப்பானுக்கு (எக்ஸிமா) உணவுதான் காரணம் என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றிப் போயிருக்கிறது. உண்மையில் அதன் வேர் தோலின் தடுப்புச் சுவர் பலவீனமாக இருப்பது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஈரப்பசைக் களிம்பைத் தாராளமாகவும், ஸ்டீராய்டு களிம்பை மருத்துவர் சொன்ன அளவிலும் ஒழுங்காகத் தடவினாலே அடங்கும். ஸ்டீராய்டுக்குப் பயந்து அதை ஒரு பட்டாணி அளவு தேய்த்துவிட்டு, பாலையும் முட்டையையும் நிறுத்துகிறவர்கள் நிறைய.

சின்ன வயதிலேயே கடுமையான கரப்பான் உள்ள குழந்தைகளில் கணிசமானவர்களுக்கு உணவு அலர்ஜியும் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் காரண காரியம் பலமுறை தலைகீழாக இருக்கிறது. வெடித்த தோல் வழியாக உணவுத் துகள் உள்ளே போவதால்தான் உடம்பு அந்த உணவை எதிரியாகப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது. நிலக்கடலை எண்ணெய் கலந்த களிம்பைத் தடவியதற்கும் பின்னால் வந்த நிலக்கடலை அலர்ஜிக்கும் தொடர்பு இருப்பதை 2003இல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது.

குழந்தை சாதாரணமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் முட்டையை, கரப்பானுக்காக மாதக்கணக்கில் நிறுத்திவிட்டு மறுபடி கொடுத்தால், முன்பு இல்லாத உடனடி அலர்ஜி வெடிப்பதுண்டு. தினமும் சாப்பிடுவதே அதுவரை தாங்கும் சக்தியைக் காப்பாற்றிவந்திருக்கும். எனவே கரப்பானுக்காக உணவை நிறுத்துவது மருத்துவர் மேற்பார்வையில், சில வாரத்துக்கு மட்டும்.

## விழுங்கச் சிரமம், சளி, ஆட்டம்

ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிக்கிறான், ரொட்டியும் இறைச்சியும் வேண்டாம் என்கிறான், எல்லோரும் எழுந்தபிறகும் மென்றுகொண்டிருக்கிறான். இதைப் பிடிவாதம் என்று கடந்து போகாதீர்கள். உணவுக்குழாயில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் குவிந்து வீங்கும் ஒரு வகை அலர்ஜி இருக்கிறது, எண்டோஸ்கோப்பியில்தான் தெரியும்.

எப்போது பார்த்தாலும் மூக்கு ஒழுகுகிறது, வேறு எந்த அறிகுறியும் இல்லை என்றால் உணவைத் தேடிப் பலனில்லை. சர்க்கரை சாப்பிட்டால் பிள்ளை ஆட்டம் போடுகிறான் என்பதை 1990களில் ஆய்வு செய்து பார்த்தாகிவிட்டது, தொடர்பு கிடைக்கவில்லை. சில செயற்கை நிறங்கள் பற்றி மட்டும் 2007இல் சவுத்தாம்ப்டனில் நடந்த ஆய்வு லேசான தொடர்பைக் காட்டியது. 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த நிறங்கள் சேர்த்த உணவுகளின் லேபிளில் எச்சரிக்கை போட வேண்டும்.

## பரிசோதனைத் தாளை எப்படிப் படிப்பது

தோலில் கீறிப் பார்க்கும் பரிசோதனைக்குக் கால் மணி நேரம் போதும். எழும்பும் தடிப்பு 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் பாசிட்டிவ். அதற்குச் சில நாள் முன்பே ஆன்டிஹிஸ்டமினை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் எழும்பாது. ரத்தத்தில் பார்க்கும் ஐஜிஇக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. இரண்டுமே சொல்வது உடம்பு அந்த உணவை அடையாளம் வைத்திருக்கிறது என்பதை மட்டும். எண் பெரிதானால் அலர்ஜியாக இருக்கும் வாய்ப்பு கூடும். எதிர்வினை எவ்வளவு கடுமையாக இருக்கும் என்று எண் சொல்லாது.

அதனால்தான் நாற்பது உணவுக்கு ஒரே பேனல் என்று எடுக்காதீர்கள் என்கிறேன். தினமும் ஜம்மென்று சாப்பிடும் கோதுமைக்குப் பாசிட்டிவ் வரும், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்துவீர்கள். நோட்டு கைகாட்டும் ஓரிரு உணவுக்கு மட்டும் கேளுங்கள். உணவு ஐஜிஜி பரிசோதனைக்கும் முடியை அனுப்பிப் பார்க்கும் பரிசோதனைக்கும் பணம் கொடுக்கவே வேண்டாம். ஐஜிஜி என்பது அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறோம் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். ஐரோப்பா, அமெரிக்கா, கனடா நாடுகளின் அலர்ஜி மருத்துவ அமைப்புகள் இதை நம்பவேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கின்றன. சந்தேகம் தீரவில்லை என்றால் கடைசித் தீர்ப்பு, மருத்துவமனையில் உட்காரவைத்துத் துளியில் ஆரம்பித்துப் படிப்படியாக அளவைக் கூட்டி ஊட்டிப் பார்ப்பதுதான்.

## நிறுத்திப் பார்ப்பதும் திரும்பக் கொடுப்பதும்

உடனடி எதிர்வினை வந்த உணவை வீட்டில் மறுபடி கொடுத்துச் சோதிக்காதீர்கள், நகக்கண் அளவுகூட. எஃப்பைஸ் சந்தேகத்துக்கும் இதே விதி. மற்றபடி வயிற்றுக் கோளாறு, தாமத அறிகுறி போன்றவற்றுக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு உணவு, இரண்டு முதல் நான்கு வாரம். அந்த வாரங்களில் லேபிளைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். கேசின், வே, பால் திடப்பொருள் மூன்றும் பால்தான். அல்புமின் என்றால் பெரும்பாலும் முட்டை.

குழந்தை தேறிவிட்டால் யாருக்கும் மறுபடி கொடுத்துப் பார்க்க மனம் வராது. ஆனால் திரும்பக் கொடுக்காதவரை தேறியதற்கு உணவு காரணமா, நாள் கடந்தது காரணமா என்று தெரியாது. குழந்தைக்குச் சளி, காய்ச்சல் இல்லாத நாளில், காலையில், சின்ன அளவில் ஆரம்பித்து மூன்று நான்கு நாளில் பழைய அளவுக்குக் கொண்டுபோங்கள். பழைய அறிகுறி அதே இடைவெளியில் திரும்பினால் அந்த உணவுதான். திரும்பவில்லை என்றால் அன்றிலிருந்தே தட்டில் சேர்த்துவிடுங்கள். நிறுத்தியும் மாற்றமில்லை என்றால் அடுத்ததையும் சேர்த்து நிறுத்தக் கூடாது. முதலாவதைத் திரும்பக் கொடுத்துவிட்டு அப்புறம் அடுத்தது.

ஒரு உணவுக்கு அலர்ஜி என்று உறுதியானால் மற்ற புதிய உணவுகளைத் தள்ளிப்போடவும் வேண்டாம். 2015இல் வெளியான லீப் ஆய்வில், கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 கைக்குழந்தைகளில் முதல் வயதிலேயே நிலக்கடலையை அரைத்த வடிவில் சாப்பிட ஆரம்பித்தவர்களுக்கு, ஐந்து வயதில் அந்த அலர்ஜி ஏறக்குறைய 80 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் உங்கள் குழந்தையும் இதே கூட்டத்தில் இருந்தால் முதல் ஊட்டலுக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

பால், முட்டை அலர்ஜி பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர விட்டுப்போகும். நிலக்கடலை அலர்ஜி ஐந்தில் ஒருவருக்குத்தான் விடும். ஆகவே வருடத்துக்கு ஒரு முறையாவது மருத்துவரிடம் போய், இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அட்ரினலின் ஊசி வைத்திருப்பவர்கள் அன்றைக்கே குழந்தையின் எடையையும் ஊசியின் காலாவதி தேதியையும் காட்டுங்கள். 0.15 மில்லிகிராம் ஊசி சின்னக் குழந்தைக்கானது. எடை 25 முதல் 30 கிலோவுக்கு வந்ததும் 0.3க்கு மாற்றுவார்கள்.